ஓஎல்இடி டீவி வாங்கலாமா? முதலில் நம்ம வீட்டு ஹோலைப் பாருங்கள்

யூடியூபில் எந்த டீவி நல்லது என்று தேடிப் பாருங்கள். தமிழ் சனலோ ஆங்கில சனலோ, வருகிற எல்லா அண்ணன்மாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: காசு இருந்தால் ஓஎல்இடி வாங்கு. ஜன்னலை எல்லாம் மூடிய ஓர் அறை, சுவரை நிறைக்கும் திரை, அதில் நட்சத்திரம் மின்னும் ஒரு வீடியோ. "கறுப்பைப் பாருங்க" என்பார்கள். பார்த்தேன். உண்மையிலேயே அழகான கறுப்புத்தான். ஆனால் அப்படி ஓர் அறை எங்கள் வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் இல்லை.

இதை யோசிக்க வைத்தது கட்டாரில் வேலை செய்யும் எங்கள் அண்ணன். இந்த வருட முடிவில் ஒப்பந்தம் முடிந்து வருகிறார். "55 இன்ச் ஓஎல்இடி ஒன்று கொண்டு வரவா? நீதானே சினிமா பற்றியெல்லாம் படிக்கிறாய், நீயே சொல்லு" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். இரண்டு வருட வெயிலில் சேர்த்த காசு அது. அதனால் சும்மா ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். என் முடிவு, இப்போதைக்கு வேண்டாம் என்பது. அதற்கு "நமக்கெல்லாம் எதுக்கு" என்பது காரணம் இல்லை. அந்தக் காரணத்தோடு எனக்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாதாரண எல்இடி டீவி என்பது எல்சிடிதான். பின்னால் ஒரு விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படம் காட்டும். முழுசாக மறைக்க முடியாது. அதனால்தான் இரவுக் காட்சியில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் அங்கே வெளிச்சம் பூச்சியம். 1987-இல் கொடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் இந்தக் கதை வேகம் எடுக்கிறது. 2007-இல் சோனி விற்ற முதல் ஓஎல்இடி டீவி வெறும் 11 இன்ச். 2013-இல் எல்ஜி 55 இன்ச் ஒன்றைக் கொரியாவில் இறக்கியபோது விலை ஏறத்தாழ 10,000 டொலர். அதோடு பார்த்தால் இன்றைய விலை சல்லிசுதான். ஆனால் நம்ம ரூபாயில் பார்த்தால் கதை வேறு. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, மே மாதம் 360 ரூபாய் ஆனது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவே இல்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம்.

இனி ஷோரூமில் மாட்டுப்படும் இடம். "கியூஎல்இடி" என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒரு எழுத்தின் வால்தான் வித்தியாசம், தூரத்திலிருந்து பார்த்தால் ஓஎல்இடி போலவே இருக்கும். அது சம்சுங் 2017-இல் வைத்த பெயர், உள்ளே இருப்பது பின்விளக்குள்ள எல்சிடிதான். குவாண்டம் டொட் என்ற நுண்துகள் படலம் போட்டு நிறத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்தத் துகள் ஒன்றும் சாதாரண விஷயம் இல்லை, 2023 இரசாயன நோபல் பரிசே அதற்குத்தான் போனது. ஆனாலும் அது ஓஎல்இடி இல்லை. எல்ஜியின் "கியூநெட்" என்பதும் எல்சிடி குடும்பம்தான். மினி எல்இடி என்றால் பின்விளக்கை ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகளாக உடைத்துப் பகுதி பகுதியாக அணைப்பது. கறுப்பில் ஓஎல்இடிக்குக் கிட்டப் போகும், தொடாது. "கியூடி-ஓஎல்இடி" என்று ஒன்று 2022-இல் வந்தது, அது மட்டும் உண்மையான ஓஎல்இடி. தலையைச் சுற்றுகிறதா? சுற்ற வேண்டும் என்றுதான் இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, இந்தத் திரையில் நாம் எதைப் பார்க்கப் போகிறோம்? எந்த ரிவியூவிலும் இந்தக் கேள்வி வருவதில்லை. அங்கே பதில் ஒன்றுதான், 4கே.

நம்ம நாட்டில் அன்டெனாவில் வருவது இன்னமும் பழைய அனலொக் ஒளிபரப்பு. 1979-இல் ஐடிஎன் தொடங்கி, 1982-இல் ரூபவாஹினி பிதுருதலாகல உச்சியிலிருந்து நாடு முழுக்க அனுப்பத் தொடங்கிய காலத்து அதே 625 கோட்டு முறை. அந்தப் படத்தில் இருப்பது ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 82 இலட்சத்துக்கு மேல். அதாவது வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டீவி இருபதாக ஊதிப் பெருக்க வேண்டும். கண்டி மாதிரி மலைகளுக்கு நடுவில் குழிக்குள் இருக்கிற ஊரில் சிக்னல் ஹந்தானையிலும் அந்தப் பக்க மலையிலும் பட்டுத் தெறித்து, ஒரு ஆளுக்கு இரண்டு நிழல் விழும். எங்கள் கலஹா பக்கத்தில் செய்தி வாசிப்பவருக்கு எப்போதும் ஒரு இரட்டைப் பிறவி உண்டு. ஓஎல்இடி அந்த இரட்டைப் பிறவியையும் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

டயலொக் டிஷ், பியோ டீவி எல்லாம் இதைவிட நல்லது. ஆனால் அம்மா பார்க்கிற தமிழ் சனல்கள் அதிலும் 4கேயில் வருவதில்லை. மாலையில் பெருமழை பிடித்தால் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், அது கண்டிக்காரர்களுக்குத் தெரிந்த கதை.

மிச்சம் இருப்பது நெட்பிளிக்ஸ். அவர்களே சொல்கிறபடி 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை போகும். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படம் ஒன்றுக்கு 17 ஜிபிக்கு மேல். அதுவும் ஆக விலை கூடிய பெக்கேஜில்தான் 4கே. ஃபைபர் வந்த வீட்டுக்கு இது பிரச்சினை இல்லை. ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிற 4ஜி வீட்டுக்கு மாத டேட்டா இரண்டு வாரத்தில் காலி. எங்கள் தம்பி ஏஎல் வகுப்பை அந்த டேட்டாவில்தான் பார்க்கிறான்.

இது எல்லாம் ஒரு நாள் மாறலாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் சுவரில் இருக்கிற சுவிட்ச்.

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகக் களைத்துப் போகும். ஒரே இடத்தில் ஒரே படம் நாள் முழுக்க எரிந்தால் அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்து, நிரந்தர நிழலாகத் தங்கிவிடும். பேர்ன்-இன் என்கிறார்கள். கனடாவின் ஆர்டிங்ஸ் குழு 2018-இல் ஆறு எல்ஜி ஓஎல்இடிகளை வாங்கி, நாளுக்கு 20 மணித்தியாலம் ஓடவிட்டுப் பரிசோதித்தது. சிஎன்என் செய்தி ஓடிய டீவிகளில் சனல் இலச்சினையும் செய்திப் பட்டையும் பதிந்துபோயின. கலந்து பலதையும் பார்க்கிற வீட்டுக்கு இது அவ்வளவு பயப்படும் விஷயம் இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். புதிய மாடல்கள் தேறியும் இருக்கின்றன. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிறகு அதே குழு 100 டீவிகளை வைத்துச் செய்த நீண்ட பரிசோதனையில் எல்சிடிகளும் செத்தன, அதிலும் ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய மாடல்கள் மோசமாகப் போயின. எல்இடிக்குச் சாகாவரம் ஒன்றும் இல்லை.

ஆனால் "கலந்து பார்க்கிற வீடு" எது? எங்கள் வீட்டில் காலையில் அப்பா போடும் செய்தி, மத்தியானம் அம்மாச்சிக்கு நாடகம், இரவில் அம்மாவுக்கு நாடகம், நடுவில் மட்ச். எந்நேரமும் மேல் மூலையில் ஒரு இலச்சினை, கீழே ஒரு பட்டை. சனல் மாறுவது குறைவு, டீவி அணைவது அதைவிடக் குறைவு.

சுவிட்ச் கதை இதுதான். இந்தத் தேய்மானத்தைச் சமப்படுத்த ஓஎல்இடி தானே ஒரு வேலை செய்துகொள்ளும். சில மணித்தியாலம் ஓடிய பிறகு, எல்ஜியில் மொத்தம் 4 மணித்தியாலம், ரிமோட்டில் அணைத்ததும் டீவி தூங்குவது போலத் தெரியும். உள்ளே புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டில் அணைத்த கையோடு சுவரிலும் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுகிறோம். கரண்ட் பில்லுக்காகப் பாதி, இடிக்காகப் பாதி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பின்னேரம் இடி இடிக்கிற இடியில், பிளக்கைக் கழற்றாமல் விடு என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்லவும் கூடாது, அம்மா செய்வதுதான் சரி. இடி விழுந்த டீவியைவிட நிழல் விழுந்த டீவி பரவாயில்லை. 2022-இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று செத்து, திரும்ப உயிர் வந்து, வோல்ட் ஏறி இறங்குவது இங்கே சாதாரணம். இந்த நாட்டில் எந்த டீவிக்கும் நல்ல சேர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடுங்கள். ஓஎல்இடி விலைக்குப் போட்டால் இன்னும் நல்லது.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். 55 இன்ச் ஓஎல்இடி சராசரியாக 100 வொட் இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 5 மணித்தியாலம் என்றால் மாதம் 15 யூனிட். 43 இன்ச் எல்இடி 70 வொட் என்றால் பத்தரை யூனிட். வித்தியாசம் நாலரை யூனிட், சின்னதுதான். ஆனால் நம்ம பில் படிப்படியாக ஏறுகிற பில். 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, அடியில் இருக்கிற யூனிட்டுக்கும் மலிவு விலை போய்விடும், மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறும். 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் என்று கட்டணம் ஏறிய பிறகு எத்தனையோ வீடுகள் 58, 59-இல் பில்லை நிறுத்தப் பார்த்துப் பழகிவிட்டன. அந்த வீட்டில் நாலரை யூனிட் பெரிய விஷயம்.

ஓஎல்இடிக்காகப் பேச வேண்டிய இடமும் உண்டு, அதை ரிவியூக்காரர்கள் சரியாகச் சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் சோபாவில் இரண்டு பேர் நேராக உட்கார்ந்திருப்பார்கள். நம்ம வீட்டில் மட்ச் நாளில் நேராக உட்கார யாருக்கு இடம் கிடைக்கிறது? பாயில் நாலு பேர், கதவு நிலையில் ஒருவர், குசினி வாசலில் அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஜன்னல் பக்கம். மலிவான நல்ல எல்இடிகளில் பெரும்பாலும் இருப்பது விஏ பெனல். நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பு, பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். ஐபிஎஸ் பெனல் பக்கத்திலிருந்தும் நிறம் காட்டும், ஆனால் இரவுக் காட்சி எல்லாம் சாம்பல். குசினி வாசலில் நிற்கிற அம்மாவுக்கும் பாயில் நடுவில் இருக்கிறவருக்கும் ஒரே படத்தைக் காட்டுவது ஓஎல்இடி மட்டும்தான். பந்து பறக்கும்போது இழுபடாமல் காட்டுவதிலும் அதுதான் முதல். ஆனால் பகல் மட்ச் என்றால் முழுத்திரையும் பச்சை, முழுத்திரையும் பிரகாசம். அந்த நேரத்தில் ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எதிரே திறந்த கதவு, மேலே கண்ணாடி ஓடு. 1996 மார்ச் 17-ஆம் திகதி லாகூர் இறுதிப் போட்டியை ஒரு சின்னப் பெட்டியில் லயத்தில் பாதிப் பேர் பார்த்ததாக அப்பா இன்றும் சொல்வார். அப்போது அங்கிள், கொன்ட்ராஸ்ட் எல்லாம் யாரும் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். விலை கேட்கக் கண்டி டவுனில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஓஎல்இடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது விற்பனையாளர் என் பையையும் செருப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தங்கச்சி, 32 இன்ச் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதே வசனத்தை நம்ம சொந்தக்காரர்களும் வேறு விதத்தில் சொல்கிறார்கள்: தோட்டத்து ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய டீவி, இருக்கிற கூரையைப் பார்க்கலாமே. மலையகத்தில் யார் டீவி வாங்கினாலும், போன் வாங்கினாலும் இந்தக் கணக்குப் பார்க்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். கரண்ட் வராத லயங்களில் கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளை டீவி ஓட்டியவர்கள் நம்ம ஆட்கள். பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பத்து வீட்டை உட்கார வைத்தார்கள். நல்ல படம் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை.

எனக்கும் அந்த ஆசை நன்றாகவே இருக்கிறது. "நாயகன்" (1987) படத்துக்கு பி.சி. ஸ்ரீராம் வைத்த வெளிச்சத்தைப் பற்றி வகுப்பில் யார் பேசினாலும் நான் பேச்சை நிறுத்தமாட்டேன். முகத்தில் பாதி இருட்டில் இருக்கும், அந்த இருட்டு தற்செயல் இல்லை, அதுவும் கதை சொல்கிறது. எங்கள் பழைய எல்இடியில் அந்த இருட்டு ஒரு சாம்பல் சுவராகத்தான் வரும். ஓஎல்இடியில் அது இருட்டாகவே வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் கிடைக்கிற பழைய தமிழ்ப் படப் பிரதிகள் அதிகம் அழுத்திச் சுருக்கியவை. இருட்டுப் பகுதியைத்தான் முதலில் அழுத்துவார்கள். நல்ல திரை அந்த அழுத்தலை, இருட்டுக்குள் நெளிகிற கட்டங்களை, தெளிவாகக் காட்டிவிடும். படத்தை மீட்டெடுத்து நல்ல பிரதி வெளியிடுவதில் நம்ம சினிமா காட்டுகிற அக்கறையின்மைக்கு எந்த டீவியாலும் பரிகாரம் இல்லை.

அப்படியானால் என்ன வாங்குவது? என் வரிசையைச் சொல்கிறேன். ஹோலில் நாள் முழுக்க ஓடுகிற, எல்லோருக்கும் பொதுவான டீவிக்கு 50 அல்லது 55 இன்ச், விஏ பெனல், விளக்கு ஓரத்தில் இல்லாமல் முழுப் பின்பக்கமும் இருக்கிற எல்இடி. கொஞ்சம் கூடக் காசு இருந்தால் மினி எல்இடி. பகல் வெளிச்சத்துக்கு அது ஓஎல்இடியைவிட நன்றாக நிற்கும், இலச்சினை பதியும் பயம் இல்லை. மிச்சக் காசில் ஒரு சவுண்ட்பார். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் மெல்லிய டீவிகளின் ஸ்பீக்கரில் தமிழ் வசனம் பாதி விளங்குவதில்லை, தகரக் கூரையில் மழை பெய்தால் மிச்சப் பாதியும் போய்விடும். புரொஜெக்டர் கம்பஸ் திரையிடலுக்கு நல்லது, வீட்டு ஹோலுக்குப் பகலில் ஒன்றுக்கும் உதவாது. தனி அறை இருக்கிற, இரவில் படம் மட்டும் பார்க்கிற, தானே சம்பாதிக்கிற ஒருவர் என்னிடம் கேட்டால், 42 அல்லது 48 இன்ச் ஓஎல்இடியை யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். வேலை கிடைத்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது பற்றி. வெளிநாட்டு உழைப்பாளிகளுக்குக் கட்டுநாயக்கவில் வந்திறங்கும் இடத்திலேயே தீர்வையற்ற கடை இருக்கிறது. அங்கேயும் டீவி வாங்கலாம், விமானத்தில் சுமக்கத் தேவையில்லை. ஓஎல்இடி பெனல் சில இடங்களில் நாலைந்து மில்லிமீட்டர்தான். பெட்டி ஒரு தரம் தவறி விழுந்தால் பெனல் மாற்றும் செலவு கிட்டத்தட்டப் புது டீவி விலை. அங்கே வாங்கியதற்கு இங்கே ஏஜென்ட் வொரன்டி செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இலங்கை டிஜிட்டல் ஒளிபரப்புக்குத் தெரிவு செய்திருப்பது ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறை. வளைகுடாவில் விற்கிற டீவிகள் ஐரோப்பிய முறைக்குச் செய்தவை. இங்கே டிஜிட்டல் வருகிற அன்று அந்த டீவிக்குத் தனிப் பெட்டி ஒன்று பூட்ட வேண்டிவரும்.

தவணைக்கு வாங்குகிறவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். 24 மாதத் தவணை முடிகிறபோது வொரன்டியும் முடிந்துவிடுமா என்று பாருங்கள். பேர்ன்-இன் வொரன்டியில் அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது.

கடைசியாக ஒன்று. ஷோரூமில் ஓடுகிற பூ, மீன், பனிமலை வீடியோவை நம்பி எதையும் வாங்காதீர்கள், அது டீவி நிறுவனமே செய்து கொடுத்தது. உங்கள் பென் டிரைவில் வீட்டில் பார்க்கிற ஒரு பழைய தமிழ்ப் படமும் ஒரு மட்ச் துண்டும் கொண்டு போங்கள். "விவிட்" என்ற மோடை மாற்றச் சொல்லுங்கள். அன்டெனா வயரைச் செருகச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் குசினி வாசல் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தக் கோணத்தில் போய் நின்று பாருங்கள். முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள், தலதா வீதியிலும் பேராதனை வீதியிலும் கடைக்குப் பஞ்சமில்லை.